ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கமும் சுடுகிறது, இது சரியா?

மழைத்துளி:
புது ஃப்ரிட்ஜ். பழையதில் பின்னால் கறுப்புக் கம்பி வலை இருந்தது, இதில் முதுகு மொழுமொழுவென்று இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் கை வைத்தால் நல்ல சூடு. கதவு விளிம்புகூட வெதுவெதுப்பு. உள்ளே ஏதோ ஃபேன் ஓடுகிறது, கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறது. கோளாறா? பக்கத்தில் மேசை விசிறி வைக்கலாமா?

ரிப்பேர்க்காரன்:
கோளாறு இல்லை. அந்தக் கறுப்பு வலைதான் கண்டென்சர், அதாவது உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் குழாய். உங்களுடையதில் அதே குழாயைப் பக்கத் தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். கம்ப்ரசர் 100 வாட் இழுத்து, உள்ளிருந்து 150 வாட் சூட்டை எடுத்தால், மொத்தம் 250 வாட்டும் வெளியே வந்தாக வேண்டும். கம்ப்ரசர் வெகுநேரம் ஓடியும் பக்கம் சில்லென்று இருந்தால்தான் கவலை. கதவு விளிம்பில் ஓடுவதும் சூடான குழாய்தான். அது இல்லாவிட்டால் ஈரக்காற்று பட்டு ரப்பர் ஓரம் வியர்த்து வழியும்.

உள்ளே ஓடும் ஃபேன் வேறு கதை. ஃப்ரீசருக்குப் பின்னால் மறைந்திருக்கும் குளிர்ச் சுருளில் பட்ட காற்றைக் கீழ் அறை வரை தள்ளுவது அதுதான். கதவு திறந்ததும் அது நிற்பது, குளிர்ந்த காற்றை வெளியே இறைக்காமல் இருக்க. இது செத்துப்போனால் ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி இருக்கும், கீழே பால் திரிந்துபோகும். உடனே 'கேஸ் போயிடுச்சு' என்று முடிவுகட்டி, தேவையே இல்லாமல் கேஸ் நிரப்பச் சொல்பவர்கள் உண்டு. முதலில் ஃபேனைப் பாருங்கள்!

இரவுக்குருவி:
என் ஃப்ரிட்ஜில் கீழே, கம்ப்ரசர் பக்கத்திலும் ஒரு ஃபேன் இருக்கிறதே? கதவைத் திறந்தாலும் அது நிற்பதில்லை.

ரிப்பேர்க்காரன்:
அது கண்டென்சர் ஃபேன். கண்டென்சர் குழாயை மடக்கிக் கீழே திணித்த மாடல்களில் சூடான காற்று தானாக மேலே போக வழியில்லை, அதனால் ஊதித் தள்ள வேண்டியிருக்கிறது. தூசியும் முடியும் அடைத்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள்.

மழைத்துளி, மேசை விசிறி வேண்டாம். கையேட்டில் சொன்ன இடைவெளி இரண்டு பக்கமும் இருந்தால் போதும். சந்தில் அட்டைப்பெட்டி செருகிவிடாதீர்கள்.

மழைத்துளி:
ஒரு பக்கம் அலமாரியை ஒட்டித்தான் நிற்கிறது, நகர்த்துகிறேன். அப்புறம் ஒரு சந்தேகம்: கதவைத் திறந்தே வைத்தால் அறை குளிருமா?

ரிப்பேர்க்காரன்:
முன்னால் 150 வாட் எடுத்து, பக்கவாட்டில் 250 வாட் கொட்டும். நீங்களே கணக்குப் போடுங்கள்.