மூன்று இறகு, அடியில் ‘ஃபிஷ்கார்ட்’: இந்த பேட்ஜ் 1797-ஐச் சேர்ந்ததா?

பித்தளைப்பெட்டி:
ஏலத்துக்கு வந்திருக்கும் ஒரு தொப்பி பேட்ஜ். மூன்று இறகு, அடியில் ஒரு நாடாவில் ‘ஃபிஷ்கார்ட்’ என்ற எழுத்து. பின்பக்கம் நீளவாக்கில் ஒரு தகட்டுக் கொக்கி. “பெம்ப்ரோக் யோமன்ரி, 1797 சண்டையில் அணிந்தது” என்கிறார் விற்பவர். இதை நம்பலாமா? யோமன்ரி என்றால் மிலிஷியாதானா? வேல்ஸில் ஃபிஷ்கார்ட் ஊர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கிய அந்தச் சண்டையில் குதிரைப்படை பாய்ந்ததா?

துருப்பிடிக்காதவன்:
1797 என்பதற்கு வாய்ப்பே இல்லை. ‘ஃபிஷ்கார்ட்’ என்ற போர்க் கௌரவத்தை, அதாவது சண்டையின் பெயரைப் படை தன் சின்னத்தில் போட்டுக்கொள்ளும் உரிமையை, விக்டோரியா அரசி கொடுத்தது 1853-இல். சம்பவம் நடந்து 56 வருஷம் கழித்து. கௌரவம் கிடைக்காமல் பேட்ஜில் அந்த ஊர்ப்பெயர் ஏறாது. பின்னால் தகட்டுக் கொக்கி என்றால் இன்னும் பிந்தியது, 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

போலியா என்று தெரிய விற்பவரிடம் பின்பக்கப் படத்தைப் பெரிதாகக் கேளுங்கள். அச்சில் அடித்த தகடென்றால், முன்னால் மேடாக இருக்கும் இறகு பின்னால் அதே வடிவில் குழிந்திருக்கும். வார்ப்பில் எடுத்த நகலின் முதுகு தட்டையாக, ஊசி குத்தினாற்போல் பொடிப்பொடிக் குழிகளோடு இருக்கும். இறகின் நரம்புக் கோடுகள் மழுங்கியிருக்கும். ஆனால் பல வருஷம் தேய்த்துத் துடைத்த அசலிலும் கோடு மழுங்கும், அதனால் முன்பக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கொக்கியின் அடியில் பற்றவைப்பு புதுசாகப் பளபளத்தால் சந்தேகப்படலாம்.

கோட்டை வாசல்:
மிலிஷியாவும் யோமன்ரியும் வேறு வேறு. மிலிஷியா காலாட்படை. ஊர்வாரியாகப் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு ஆள் எடுப்பார்கள். பெயர் விழுந்தவர் பணம் கொடுத்து மாற்றாள் அனுப்பலாம். யோமன்ரி 1794-இல் பிரெஞ்சுப் படையெடுப்புப் பயத்தில் தொடங்கியது. தானே முன்வந்து சேரும் பகுதிநேரக் குதிரைப்படை. குதிரை சேருபவருடையது, ஆயுதம் அரசு கொடுக்கும். அதனால்தான் சொந்தக் குதிரை வைத்திருந்த விவசாயிகளும் அவர்களுக்கு நிலம் விட்டிருந்த பிரபுக்களும் அதில் நிறைந்திருந்தார்கள். உள்ளூர்க் கலவரத்தை அடக்கவும் இவர்களையே அனுப்பினார்கள். 1819-இல் மான்செஸ்டரில் பீட்டர்லூ கூட்டத்துக்குள் வாளோடு முதலில் புகுந்தது மான்செஸ்டர் அண்ட் சால்ஃபோர்ட் யோமன்ரி. ‘யோமன்ரி’ என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் வெகுகாலம் ஒட்டியிருந்த கெட்ட பெயருக்கு அதுதான் காரணம்.

வெல்ஷ் வரைபடம்:
குதிரைப் பாய்ச்சல் நடக்கவே இல்லை. 1797 பிப்ரவரி 22-இல் நாலு கப்பலில் வந்த சுமார் 1,400 பிரெஞ்சுப் படையினர் ஃபிஷ்கார்டுக்கு மேற்கே காரெக்வாஸ்டட் முனையில் இறங்கினார்கள். தலைவர் வில்லியம் டேட், ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். ஆட்களில் பாதிக்கு மேல் சிறையிலிருந்து எடுத்தவர்கள். இறங்கியதுமே பலர் பண்ணை வீடுகளில் புகுந்து சாப்பாட்டையும் சாராயத்தையும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். போதாததற்கு, இறக்கிவிட்ட கப்பல்களும் திரும்பிப் போய்விட்டன.

எதிரில் பிரிட்டிஷ் தரப்புத் தலைவர் லார்டு காடரிடம் இருந்தது காஸல்மார்ட்டின் யோமன்ரி ட்ரூப் (பெம்ப்ரோக் யோமன்ரியின் ஒரு பிரிவு), கார்டிகன் மிலிஷியா, ஃபிஷ்கார்ட் ஃபென்சிபிள்ஸ் (உள்ளூர்த் தற்காப்புத் தொண்டர் படை), மாலுமிகள் எல்லாம் சேர்த்து சுமார் 600 பேர். 23 சாயங்காலம் இருபுறமும் மேடும் வேலியுமான ஒரு குறுகிய சந்தில் ஏறினார்கள். மேலே பிரெஞ்சுக்காரர்கள் பதுங்கியிருந்தார்கள். இருட்டிவிட்டதென்று காடர் படையைத் திருப்பியதால் தப்பினார். அந்தச் சந்தில் குதிரையைத் திருப்பக்கூட இடம் கிடைத்திருக்காது.

அன்றிரவே டேட்டின் ஆட்கள் நிபந்தனை பேச வந்தார்கள். பெரிய படை வந்துகொண்டே இருக்கிறது, நிபந்தனையற்ற சரணடைவு மட்டும்தான் என்று காடர் அனுப்பிவிட்டார். 24 மதியம் குட்விக் மணலில் துப்பாக்கிகளைக் கீழே போட்டார்கள். அந்த மூன்று நாளும் யோமன்ரியின் வேலை வேவு பார்ப்பது, செய்தி கொண்டுபோவது, கைதிகளைக் காவல் கட்டி நடத்திப்போவது. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, பகுதிநேரக் குதிரைப்படையை எதற்காக வைத்திருந்தார்களோ அதைச் சரியாகச் செய்தார்கள்.

பித்தளைப்பெட்டி:
நன்றி. இந்தப் படையின் முதல் உலகப் போர் நாட்குறிப்பை எந்தப் பெயரில் தேடணும்? 1917-க்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை.

கோட்டை வாசல்:
எல்லாரும் தடுக்கி விழும் இடம் அதுதான். எகிப்துக்கு அனுப்பும் முன்பே குதிரையிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1917 பிப்ரவரியில் கிளமோர்கன் யோமன்ரியோடு சேர்த்து, வெல்ஷ் ரெஜிமென்ட்டின் 24ஆவது பட்டாலியன் ஆக்கினார்கள். 231ஆவது பிரிகேட், 74ஆவது டிவிஷன் என்று தேடுங்கள். பாலஸ்தீனத்திலும், 1918 மே முதல் பிரான்சிலும் காலாட்படையாக இருந்தார்கள். அந்த டிவிஷனின் சின்னமே உடைந்த குதிமுள் (குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் முள்). 1920-க்கு அப்புறம் பீரங்கிப் படைக் கோப்புகளில் தேடணும், குதிரைப்படைப் பட்டியலில் கிடைக்காது.