பொருள்: "ஆவண ஒளிப்படம்" பொருந்துமா? அவசரம்

திருவாரூர்:
அனைவருக்கும் வணக்கம். 1930களின் அமெரிக்கப் பெருமந்தக் கால (பொருளாதாரச் சரிவுக் கால) படங்களைப் பள்ளியில் கண்காட்சியாக வைக்கிறோம். திங்கட்கிழமை பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாக வேண்டும். டாகுமெண்டரி போட்டோகிராபிக்கு "ஆவண ஒளிப்படம்" என்று எழுதியிருந்தேன். பத்தாம் வகுப்புப் பையன், "ஆதார் கார்டுல இருக்குமே, அதா சார்?" என்கிறான். வேறு சொல் உண்டா? இப்படங்களை எடுக்க ஆள் அனுப்பிய அமெரிக்க அரசு அமைப்பான ஃபார்ம் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷனுக்கு "பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்" சரிதானே?

கும்பகோணம்:
பையன் கெட்டிக்காரன். ஆவணம் சங்க இலக்கியத்தில் கடைத்தெரு. பிறகு விற்பனை ஓலைக்கு ஆகிவந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆவணக்களரி, கிரயம் பதியும் இடம். ஆக உங்கள் தொடர் பத்திர ஆபீஸில் எடுக்கும் படத்தையே குறிக்கும். "கரிப்படம்" என்க. கரி என்றால் சாட்சி. குறள் 25இல் இந்திரனே கரி.

தஞ்சாவூர்:
புலவர் ஐயா, கரிப்படம் என்றால் அடுப்புக்கரியால் சுவரில் கிறுக்கியது என்பார்கள். "சாட்சிப் படம்" என்றே வைத்துவிடலாமே.

கும்பகோணம்:
சாட்சி வடசொல்.

தஞ்சாவூர்:
வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போகிறவர் எவரும் "கரி சொல்ல வந்தேன்" என்பதில்லை ஐயா.

மன்னார்குடி:
எனக்கு இரண்டுமே உறுத்துகிறது. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், அரசுக்காகப் படமெடுத்த டொரோதியா லாங் எடுத்த தாயின் படத்தைப் பாருங்கள். அவர் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. படத்தின் ஓரத்தில் தெரிந்த அந்தத் தாயின் கட்டைவிரலைப் பிற்பாடு நெகட்டிவிலேயே மங்கவைத்தார்கள். இன்னொரு அரசுப் படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டைன், வறட்சியைக் காட்ட மாட்டு மண்டையோட்டை இடம் மாற்றி வைத்து எடுத்தது அப்போதே பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. இவர்களை அனுப்பிய ஒளிப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கரோ, வேண்டாத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டார். சாட்சி இப்படி நடந்துகொண்டால் நீதிபதி விடுவாரா? "வாழ்நிலைப் படம்" போதும்.

அதைவிட முக்கியம், பண்ணை. நம் பக்கத்தில் பண்ணை என்றால் பண்ணையார் வீடு. "பண்ணைப் பாதுகாப்பு" என்று திருவாரூரில் பலகை வைத்தால், மிராசுதாரைக் காப்பாற்ற அமெரிக்கா ஆபீஸ் திறந்ததாகப் படிப்பார்கள். அது குத்தகைக்காரருக்குக் கடன் கொடுத்தது. ஊர் ஊராகப் போகும் கூலிகளுக்கு முகாம் போட்டது. 1952இல் தஞ்சாவூருக்கென்று வந்த சட்டத்தின் பெயரிலும் "பண்ணையாள் பாதுகாப்பு" என்றுதான் இருக்கிறது. அந்த "ஆள்" விழுந்தால் கட்சியே மாறிவிடும், சார்.

நாகப்பட்டினம்:
பெருமந்தம் என்றதும் எங்கள் வீட்டில் ஓமத்தண்ணீரை எடுக்கிறார்கள். இருக்கட்டும். ரப்பர் விலை விழுந்து மலாயாத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் துறையில்தான் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கும் ஒரு பலகை வையுங்களேன்.

கும்பகோணம்:
மந்தமும் வடசொல்லே. "தொய்வு" எனலாம்.

பண்ணை குறித்து மன்னார்குடி அம்மா சொல்வது முற்றிலும் சரி. "உழுகுடிப் பாதுகாப்பு நிர்வாகம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கரியை நான் விடுவதற்கில்லை. பூம்புகார்ச் சதுக்கப்பூதம் பிடித்து உண்பவர்களில் பொய்க்கரியாளரும் உண்டு, சிலம்பில் இருக்கிறது. மண்டையோட்டை நகர்த்தியது பொய்க்கரி. மெய்க்கும் பொய்க்கும் ஒரே சொல் இடங்கொடுக்கும்போது, "வாழ்நிலை" என்று எதற்கு நழுவ வேண்டும்?

தஞ்சாவூர்:
உழுகுடியில் கூலிக்காரர் அடங்குவாரா? அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். இருந்தாலும் பண்ணைக்கு மேல். படத்துக்கு என் ஓட்டு சாட்சிக்குத்தான், கிடைக்காவிட்டால் வாழ்நிலை.

திருவாரூர்:
கரியைத் தவிர எதுவானாலும் சரி என்று மூன்று பேர் தனி மடலில் எழுதிவிட்டார்கள். "வாழ்நிலைப் படங்கள்", "உழுகுடிப் பாதுகாப்பு நிர்வாகம்" என்று கொடுக்கிறேன். பெருமந்தம் அப்படியே இருக்கட்டும், பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. நாகப்பட்டினம் ஐயா, மலாயாப் பலகைக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். ஞாயிறுக்குள் பத்து வரி எழுதித் தந்துவிடுங்கள்.

கும்பகோணம்:
பாடநூல் தவறு. தனி இழை தொடங்குகிறேன்.