புதுப்பிப்பு: முள் நகரவில்லை, டேப் நகர்ந்திருக்கிறது

ஆறு வாரம் நடைப்பயிற்சி செய்தும் எடை 81 கிலோவிலேயே நிற்கிறது, விட்டுவிடலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். விடவில்லை. இன்று பத்தாவது வாரம் முடிகிறது. எடை 80.2.

அப்போது நிறையப் பேர் சொன்னபடி தையல் டேப்பால் இடுப்பை அளக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு 97 செ.மீ., இன்றைக்கு 93. தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனாலே கவனம் தேவை என்பதால் இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் மூலையில் கிடந்த பச்சைச் சுடிதார் நேற்று மூச்சை இழுக்காமலே ஏறியது. சந்தோஷத்தில் அம்மாவுக்கு உடனே போன் போட்டேன்.

எடை ஏன் இப்படி ஆட்டம் காட்டுகிறது என்பதும் இப்போது புரிகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேரும் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை), ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. உப்பும் அப்படித்தான். ராத்திரி அப்பளம், ஊறுகாயோடு சாப்பிட்டால் காலையில் முக்கால் கிலோ கூடிவிடுகிறது. அது கொழுப்பு இல்லை. அதனால் தினமும் எடையைக் குறித்தாலும், வாரச் சராசரியை மட்டும்தான் பார்க்கிறேன். மனசுக்கு இதுதான் பெரிய நிம்மதி.

சோர்வாக இருக்கும் நாளில் பத்து நிமிடம் மட்டும் என்று செருப்பை மாட்டுகிறேன். பெரும்பாலும் அரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

அடுத்த மாதம் மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை இருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.