ஜிம்மி கார்ட்டர் தோற்றுப்போன தலைவரா? 1979ஐ முன்வைத்து ஒரு விவாதம்

வைகைக்கரை:
2024 டிசம்பர் 29 அன்று அமெரிக்க முன்னாள் அதிபர் கார்ட்டர் 100 வயதில் இறந்தார். அப்போது வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான்: அதிபராகத் தோற்றவர், முன்னாள் அதிபராக உயர்ந்தவர். இரண்டாம் பாதியில் எனக்குச் சண்டை இல்லை. முதல் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் பதவிக்கு வந்த 1977 ஜனவரியில் அமெரிக்கா எப்படி இருந்தது? வியட்நாம் போர்ச் செலவு, டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை 1971இல் நிக்சன் அறுத்தது, 1973இன் எண்ணெய்த் தடை, நிக்சன் பதவியையே பறித்த வாட்டர்கேட் ஊழல் அசிங்கம், எல்லாம் வாசலில் காத்திருந்தன. விலைவாசியும் ஏறியது, வேலையும் கிடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன மருந்து என்று பொருளாதார அறிஞர்களுக்கே தெரியாத காலம். அது போதாதென்று ஈரானில் புரட்சி வந்து எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

அந்த நேரத்தில் கார்ட்டர் செய்த ஒரு காரியத்துக்காகவே அவரைத் தலைவர் என்று சொல்வேன். 1979 ஆகஸ்டில் பால் வோல்க்கரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைமையில் உட்கார வைத்தார். வட்டியை ஏற்றுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் வோல்க்கர். வட்டி ஏறினால் தொழில் படுக்கும், வேலை போகும், அடுத்த வருடம் தேர்தல். இது தெரிந்தேதான் அவரை நியமித்தார். தன் நாற்காலிக்குத் தானே உலை வைத்துக்கொண்ட அதிபர் வேறு யார்?

கணக்கப்பிள்ளை:
வைகை அண்ணா, மனதால் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வரவு செலவைப் பார்த்தால் கதை வேறு. 1976இல் பணவீக்கம் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 1980இல் 13.5 சதவீதம். இதற்கு ஈரானை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஈரான் மன்னர் ஷா நாட்டைவிட்டு ஓடியது 1979 ஜனவரியில். அதற்கு முன்பே, 1978 நவம்பரிலேயே, சரிந்துகொண்டிருந்த டாலரைத் தாங்கிப் பிடிக்க அவசரத் திட்டம் போட வேண்டி வந்தது.

வோல்க்கர் நியமனத்தையும் முழுதாகச் சொல்லுங்கள். 1978இல் ஃபெடரல் ரிசர்வுக்கு கார்ட்டர் முதலில் தேர்ந்தெடுத்தது வில்லியம் மில்லரை. கம்பெனி நிர்வாகத்தில் கெட்டிக்காரர், பணவீக்கத்தைப் பிடிக்க உறுதி போதாதவர். 1979 ஜூலையில் அமைச்சரவையைக் கலைத்துப் போட்டதில் நிதித்துறைக்கு ஆள் தேவைப்பட்டு மில்லரை அங்கே மாற்றினார்கள். அதனால் காலியான இடம்தான் வோல்க்கருக்குக் கிடைத்தது. பணச்சந்தை பதறிக்கொண்டிருந்தது, அதைச் சமாதானப்படுத்த ஒரு பெயர் வேண்டும். இதைத் தியாகம் என்கிறீர்கள். எனக்கு இது நெருக்கடியில் எடுத்த முடிவாகத்தான் தெரிகிறது.

அப்புறம் 1980 மார்ச்சில் கடன் கட்டுப்பாடு கொண்டுவந்தார். கடனில் வாங்காதீர்கள் என்ற பேச்சைக் கேட்டு மக்கள் கிரெடிட் கார்டை வெட்டி வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பினார்கள். விற்பனை ஒரேயடியாக விழுந்தது. சில மாதங்களில் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். அந்த அக்டோபரில் பிரச்சாரத்தில் அவரே ஃபெடரல் ரிசர்வின் போக்கைக் குறை சொன்னார். தான் வைத்த ஆளுக்குப் பின்னால் கடைசிவரை நின்றால்தானே அது தலைமை? வேலையின்மை 10.8 சதவீதம் போன 1982இல் வோல்க்கரைத் தன் வேலையைச் செய்ய விட்டவர், கார்ட்டரைத் தோற்கடித்து அதிபரான ரீகன்.

நியூஜெர்சித் தாத்தா:
இருவரும் நன்றாக எழுதுகிறீர்கள் தம்பிகளா. 1979இல் நான் நியூஜெர்சியில் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜூன் மாதம் பெட்ரோல் பங்கில் வரிசை நாலு தெரு தாண்டி நிற்கும். நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதியில் போகலாம், இரட்டைப்படை என்றால் மறுநாள். காலை ஐந்து மணிக்கே போய் வண்டியை அணைத்துவிட்டு, முன்வண்டி நகர்ந்தால் கையால் தள்ளிக்கொண்டு போவோம். வரிசைக்காக ஓட்டிய பெட்ரோலே வீணாகக் கூடாதே. பல பங்குகளில் பழைய மீட்டர், ஒரு கேலனுக்கு ஒரு டாலர் விலையை அதில் காட்ட வழியில்லை. அதனால் பாதி விலையை வைத்து ஓடவிட்டு, கடைசியில் இரண்டால் பெருக்கிக் காசு வாங்குவார்கள். மீட்டர் ஒன்று காட்டும், கையிலிருந்து போவது இன்னொன்று. பக்கத்து மாநிலத்து லெவிட்டவுனில் லாரிக்காரர்கள் போராட்டம் கலவரமாகவே முடிந்தது.

ஜூலை 15, ஞாயிறு இரவு. கார்ட்டர் பேசப் போகிறார் என்று பக்கத்து வீட்டு லாரி டிரைவர் என்னைக் கூப்பிட்டார். பத்து நாள் அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் இருந்து கவர்னர்கள், பாதிரியார்கள், சாதாரண மக்கள் என்று பலரையும் வரவழைத்துக் கேட்டுவிட்டு வந்திருந்தார். அவர்கள் தன்னைத் திட்டியதை ஒரு தாளிலிருந்து அவரே வாசித்தார். நீங்கள் நாட்டை வழிநடத்தவில்லை, அரசாங்கத்தை நிர்வாகம்தான் செய்கிறீர்கள் என்று ஒரு கவர்னர் சொன்னதைக்கூட மறைக்கவில்லை. நம் மக்கள் பொருள் வாங்கிக் குவிப்பதையே வாழ்க்கை என்று நினைக்கிறோம், ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை போய்விட்டது என்றார். லாரிக்காரர் கையிலிருந்த பீரைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் கேட்டார். முடிந்ததும், "கடைசியில் ஒருத்தர் உண்மையைச் சொல்லிவிட்டார்" என்றார்.

அடுத்த சில நாட்களில் அமைச்சர்கள் எல்லோரிடமும் ராஜினாமாக் கடிதம் கேட்டார்கள், ஐந்து பேர் போனார்கள். அதே லாரிக்காரர் வேலி ஓரமாக வந்து, "அப்படியானால் இப்போது வண்டியை ஓட்டுவது யார்?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பொன்னி:
தாத்தா, நன்றி. அந்த உரையை எல்லோரும் 'சோர்வு உரை' என்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் உரையிலேயே கிடையாது. உரைக்குப் பிறகு அவர் செல்வாக்கு ஏறத்தான் செய்தது. அதைக் கெடுத்தது ராஜினாமா நாடகம்.

நான் வெளியுறவுப் பக்கம் வருகிறேன். எனக்குக் கோபம் அங்கேதான். 1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரான் விருந்தில் ஷாவின் நாட்டை நிலைத்தன்மையின் தீவு என்று வாழ்த்தினார். ஓராண்டு கழித்து அந்தத் தீவு எரிந்தது. பிறகு 1979 அக்டோபரில் சிகிச்சைக்காக ஷாவை அமெரிக்காவுக்குள் விட்டார். நவம்பர் 4 அன்று ஈரானியப் போராட்டக்காரர்கள் தெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து, அங்கிருந்தவர்களைக் கைதிகளாக வைத்துக்கொண்டார்கள். மனிதாபிமானம் புரிகிறது. ஆனால் தெஹ்ரானில் நம் ஆட்கள் எத்தனை பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்திருக்க வேண்டாமா?

மீட்பு முயற்சி இன்னும் வேதனை. 1980 ஏப்ரலில் எட்டு ஹெலிகாப்டர் கிளம்பி, பாலைவனத்தில் ஓடக்கூடிய நிலையில் மிஞ்சியது ஐந்து. குறைந்தது ஆறு வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்த கணக்கு. திரும்பலாம் என்று முடிவெடுத்த பிறகு ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி எட்டு வீரர்கள் இறந்தார்கள். வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் இந்த முயற்சியை எதிர்த்துப் பதவி விலகினார்.

எனக்குப் பெரிய குற்றமாகப் படுவது வேறு. கைதிகள் வரும்வரை பிரச்சாரத்துக்கே போகமாட்டேன் என்று பல மாதம் வெள்ளை மாளிகையில் அடைந்து கிடந்தார். தொலைக்காட்சிச் செய்தி ஒவ்வொரு இரவும் எத்தனையாவது நாள் என்று எண்ணியது. அமெரிக்காவின் அதிபரையே கட்டிப்போட்டுவிட்டோம் என்று தெஹ்ரானில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பேரத்தில் எதிராளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

வைகைக்கரை:
பொன்னி, ஷாவை உள்ளே விட்டது தவறு, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளை மாளிகையில் அடைந்து கிடந்ததும் தவறு.

ஆனால் வெளியுறவில் எல்லாமே தோல்வி என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் ஏற்க முடியாது. 1978 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் எகிப்து அதிபர் சதாத்தையும் 13 நாள் கேம்ப் டேவிட்டில் வைத்துக்கொண்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்தபோது குடிலுக்குக் குடில் தானே தாளோடு நடந்தார். அடுத்த மார்ச்சில் எகிப்தும் இஸ்ரேலும் அமைதி ஒப்பந்தம் போட்டன. இத்தனை போர்களுக்குப் பிறகும் அந்த ஒப்பந்தம் உடையவில்லை. 1979 ஜனவரி 1 அன்று சீனாவோடு முழுத் தூதரக உறவு. பனாமா கால்வாயை அந்த நாட்டிடமே ஒப்படைக்கும் ஒப்பந்தத்துக்குச் செனட்டில் 67 ஓட்டு வேண்டும், 68 கிடைத்தது. அதற்கு ஓட்டுப் போட்ட பல செனட்டர்கள் பிறகு தோற்றார்கள். படை அனுப்பாமல் செய்த காரியங்கள் இவை.

எண்ணெயும் அப்படித்தான். உள்நாட்டு எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக எடுக்க முடிவுசெய்தவர் அவர். விலை ஏறும், திட்டு விழும் என்று தெரிந்தே செய்தார். 1977இல் இருந்த நிகர எண்ணெய் இறக்குமதி 1982க்குள் ஏறக்குறைய பாதியானது. மந்தநிலையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலன் ரீகன் காலத்தில் வந்து விழுந்ததால் பெயரும் அவருக்கே போனது.

கணக்கப்பிள்ளை:
விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது சரியான முடிவு. விமானக் கட்டணத்தையும் லாரித் தொழிலையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து திறந்துவிட்டதையும் சேர்த்தே சொல்கிறேன், இரண்டும் நல்லது. கேம்ப் டேவிட்டை யாரும் பறிக்க முடியாது.

ஆனால் இதையும் பாருங்கள் அண்ணா. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதும் தானியம் விற்க மாட்டோம் என்றார். அவர்கள் அர்ஜென்டினாவில் வாங்கிக்கொண்டார்கள். அடி வாங்கியது அயோவா விவசாயி. கஷ்டகாலத்தில் தலைவர் மக்களிடம் தியாகம் கேட்கலாம், தப்பே இல்லை. அந்தத் தியாகத்தால் என்ன கிடைக்கும் என்று காட்ட வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டரைக் குறையுங்கள் என்றார், கடனில் வாங்காதீர்கள் என்றார், கோதுமையை வீட்டிலேயே வையுங்கள் என்றார். 1980 தேர்தலில் ரீகன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நான்கு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? அதற்கு ஒரு லாரிக்காரர் என்ன பதில் சொல்வார்? அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர் ஓட்டில் ரீகனுக்கு 489, கார்ட்டருக்கு 49.

நியூஜெர்சித் தாத்தா:
எங்கள் லாரிக்காரர் ரீகனுக்குத்தான் ஓட்டுப் போட்டார், தம்பி. மறைக்கவே இல்லை.

ஆனால் அவர் வீட்டு முன் மரத்தில் கைதிகளுக்காக ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார். மழையிலும் பனியிலும் வெளுத்துப்போனால் புதிது வாங்கிக் கட்டுவார். 1981 ஜனவரி 20 அன்று ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் தெஹ்ரானிலிருந்து விமானம் கிளம்பிய செய்தி வந்தது. 52 பேர், 444 நாள். கார்ட்டர் அதற்கு முந்தைய இரண்டு நாளும் சரியாகத் தூங்காமல் அலுவலகத்திலேயே இருந்து பேச்சுவார்த்தையை முடித்திருந்தார். மறுநாள் பதவி இல்லாத மனிதராக ஜெர்மனிக்குப் பறந்துபோய் அவர்களைப் பார்த்தார்.

விமானம் கிளம்பிய அன்று மாலை லாரிக்காரர் ஏணி போட்டு ரிப்பனை அவிழ்த்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருக்கலாம் அந்த விமானம். அந்த ஆளுக்கு அது கிடைத்திருக்க வேண்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

கணக்கப்பிள்ளை:
தாத்தா, 52 பேரும் உயிரோடு வந்ததை அவர் பேரில் வரவு வைக்கிறேன், முழுதாக. பணவீக்கத்தில் மட்டும் என் கணக்கு மாறாது.

வைகைக்கரை:
சரி, மாற வேண்டாம். ஆனால் 1983இல் பணவீக்கம் 3.2 சதவீதத்துக்கு இறங்கியபோது ஃபெடரல் ரிசர்வில் உட்கார்ந்திருந்தவரை அங்கே வைத்தது யார் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.