ஒன்பதாம் வகுப்புக்கு இரத்தச்சோகையை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

ஆசிரியப் பெருமக்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பின் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை உடல்நலக் கல்விக்கென்று ஒதுக்கி, எங்கள் தலைமையாசிரியர் அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். மனையியல் பாடப்பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் சமையல் ஆய்வகமும் அதற்கென்றே படித்த ஆசிரியரும் இருப்பார்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. அடுப்பு மூட்டவும் அனுமதி கிடைக்காது.

இரத்தச்சோகையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ‘இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தச்சோகை வரும், கீரை, பேரீச்சை, ஈரல் ஆகியவற்றில் இரும்புச்சத்து உள்ளது’ என்ற வரியை எல்லா மாணவர்களும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் வாரந்தோறும் கொடுக்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பேர் வாயில் போடுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். பையன்களோ இது பெண்பிள்ளைகளின் விவகாரம் என்று சிரிக்கிறார்கள்; சில பெற்றோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மாணவர்களையும் மாணவிகளையும் சேர்த்து வைத்தே இதைக் கற்பிக்கலாமா, அடுப்பில்லாமல் என்ன செய்முறை செய்து காட்டலாம், மாத்திரை விஷயத்தில் ஓர் ஆசிரியர் எதுவரை தலையிடலாம் என்ற மூன்றிலும் அனுபவமுள்ளவர்களின் கருத்து வேண்டும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை, கோயம்புத்தூர்

சகோதரிக்கு வணக்கம். ‘எதில் இரும்புச்சத்து உள்ளது’ என்ற கேள்வியை முதல் வகுப்பிலேயே ஒதுக்கிவிட்டு, ‘நேற்று நாம் தின்றதில் எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது’ என்று கேட்டுப் பாருங்கள். பாடம் அங்கே உயிர் பெறும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களின் சத்து அளவுகள் உள்ளன. அதிலிருந்து உங்கள் ஊரில் கிடைக்கும் இருபது பொருள்களை மட்டும் எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கூட்டலும் பெருக்கலும் பிள்ளைகளே செய்யட்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமும், அதே வயதுப் பையனுக்கு 22 மில்லிகிராமும் இரும்புச்சத்து வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை கூறுகிறது. தீட்டிய பச்சரிசியில் நூறு கிராமுக்கு 0.65 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஆகவே நாள் முழுவதும் முந்நூறு கிராம் அரிசியை இட்லியாகவும் சோறாகவும் சாப்பிட்டாலும் இரண்டு மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. சாம்பாருக்குப் போகும் நாற்பது கிராம் துவரம்பருப்பு இன்னும் ஒன்றரையைச் சேர்க்கும். காய், தேங்காய், புளி, மிளகாய் எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் தேவையில் பாதியை எட்டுவதே பெரும்பாடு. இதைத் தாங்களே கூட்டிப் பார்த்த பிறகு, கொள்ளில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஒன்பது மில்லிகிராமும், கம்பில் ஆறுக்கு மேலும், முளைக்கீரையில் நான்கைந்தும் உள்ளன என்று சொன்னால், அந்த எண்கள் அவர்கள் மனத்தில் தங்கும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதாலேயே இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டிலுமே நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை என்பதை அட்டவணையில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பேரீச்சையும் இரண்டு மூன்று பழத்தால் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

இனித்தான் முக்கியமான பகுதி. தாவர உணவிலுள்ள இரும்பு முழுதும் நம் குடலில் ஏறுவதில்லை. மேற்சொன்ன 30 மில்லிகிராம் என்பதே, அதில் சுமார் 8 விழுக்காடு மட்டும் உடலில் சேரும் என்று கொண்டு போட்ட கணக்கு. தேநீரிலுள்ள டானின்களும் தானியத் தவிட்டிலுள்ள பைட்டேட்டும் இந்த அளவை இன்னும் இறக்கிவிடும். எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அதை ஏற்றிவிடும். ஆகவே அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை இரண்டு: உண்ட பின் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளிப்போடுவது, சாப்பாட்டோடு புளிப்பான ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பின்பே பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி வீணாகும். பயறை முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும், கூழை ஒரு நாள் புளிக்கவிடுவதும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. இந்தப் பழக்கங்கள் நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பவை என்பதால் புதிதாக எதையும் திணிக்க வேண்டியதில்லை.

அடுப்பில்லாத செய்முறைக்கு உங்கள் அறிவியல் ஆய்வகமே போதும். அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட்டைச் சிறிது நீரில் கரைத்து, ஆறிய கட்டன் தேநீரில் சில துளிகள் விடுங்கள். சிறிது நேரத்தில் தேநீர் மை போல் கறுத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் நம் முன்னோர்கள், வேதியியல் அதேதான். கறுத்த பிறகு எலுமிச்சைச் சாற்றை விட்டால் கருமை குறைவதையும் பார்க்கலாம். குடலில் நடப்பது முழுக்க இப்படியே இல்லை என்பதையும், அந்தக் குவளையை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் முளைகட்டிய பாசிப்பயறு, வேர்க்கடலை, தக்காளி, எலுமிச்சைச் சாறு என்று ஒரு கலவையை வகுப்பிலேயே செய்து எல்லோரும் உண்ணலாம். வெட்டுவதும் கழுவுவதும் பையன்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

உங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 360 மில்லிகிராமுக்குமேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எலும்பு வளரும் வயதுக்கு அதைவிட மலிவான பொருளை நான் காணவில்லை. இரும்புச்சத்து அதில் அரிசியைவிடக் கூடுதல்தான், ஆனாலும் அதன் தோலிலுள்ள டானின்களால் முழுப் பயன் கிடைப்பதில்லை. ஆகையால் களியைக் கீரைக் கடைசலோடும் எலுமிச்சைத் துண்டோடும் உண்ணச் சொல்லுங்கள்.

மறுமொழி: மனைப்பொருளியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் நாட்டில் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பொதுத் தேர்வுக்கு மனைப்பொருளியல் ஒரு விருப்பப் பாடம். ஆண் பிள்ளைகளும் அதைத் தெரிவு செய்யலாம், ஆனால் தெரிவு செய்பவர்கள் மிகச் சிலரே. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடமோ இடைநிலை வகுப்புகளில் இருபாலாரும் ஒன்றாகப் படிப்பது. ஆகவே போசாக்கைப் பற்றி ஒரே விடயத்தை இரண்டு வகுப்பறைகளிலும் கற்பித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சேர்ந்து படிக்கும் வகுப்பில் முதல் இரண்டு பாடவேளைகள் சிரிப்பில்தான் போகும். உணவைப் பற்றிய கணக்கு தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிடும். மாதவிடாய் பற்றிப் பிள்ளைகள் தனியாகக் கேட்க விரும்பும் கேள்விகளுக்கு மட்டும் மாணவிகளுக்கென ஒரு வேளையை ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் ஒன்றாகவே நடக்கட்டும். யப்பானில்கூட உயர்நிலைப் பாடசாலைகளில் பெண்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த மனைப்பொருளியல் 1994 முதல் ஆண்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

கோவை ஆசிரியை சொன்ன தேநீர்க் கணக்கு எங்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். காலையில் பாணும் (ரொட்டி) பிளேன்ரீயும் (பாலில்லாத தேநீர்) எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் ஏராளம். பாணோடு உண்ணும் சம்பலில் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) இருப்பது நல்லது. பிளேன்ரீயை இடைவேளைக்குத் தள்ளினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தேன், வீட்டில் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. மச்சம் (மீன், இறைச்சி) உண்ணும் வீடுகளில் முருங்கையிலைச் சுண்டலுக்குள் ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டைப் போடச் சொல்வேன். மீனும் இறைச்சியும் தம்மிடமுள்ள இரும்புச்சத்தைத் தருவதோடு இலையிலுள்ளதும் உடலில் சேர உதவுகின்றன. வல்லாரையும் பொன்னாங்காணியும் போட்ட இலைக்கஞ்சியைப் பாடசாலையில் கொடுத்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதையே அவர்கள் தாங்களாக அரைத்து வடித்துக் காய்ச்சினால் இரண்டாம் முறையும் கோப்பையை நீட்டுவார்கள்.

மறுமொழி: பள்ளி மருத்துவக் குழுவில் பணிபுரியும் மருத்துவர், திருநெல்வேலி

இது பெண்பிள்ளைகளின் விவகாரம் என்று சொல்பவர்களுக்கு ஒரு விவரம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை உள்ளது. பத்துப் பையன்களில் மூன்று பேர் என்பது சிரித்துவிட்டுப் போகக்கூடிய எண்ணிக்கை இல்லை.

மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். 10 முதல் 19 வயதினருக்கான அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும். ஒருவர் வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டால் மறுவாரம் வகுப்பே மறைத்துக்கொள்ளும். எனவே மதிய உணவு முடிந்ததும் தண்ணீரோடு கொடுங்கள். பாலோ தேநீரோ வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அது தீங்கில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் அதில்தான் இருக்கிறது. நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெயர் சொல்லி அதட்டாமல் வரிசையில் நின்று கொடுங்கள். மறுப்பவரைக் கட்டாயப்படுத்தாமல் காரணத்தைத் தனியே கேட்டுக் குறித்து வைத்தால் நாங்கள் வரும்போது பார்த்துக்கொள்வோம். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளையும் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் எவ்வளவு கீரை தின்றாலும் ஈடாகாது. அந்தப் புழு வெறுங்காலின் வழியாக நுழைகிறது என்பதால் செருப்பும் கழிப்பறையும் இதே பாடத்தில் வர வேண்டியவை.

நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், 15 வயது நிரம்பிய ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தச்சோகை என்று கொள்கிறோம். பரிசோதனை முடிவை வகுப்பில் வாசிக்காதீர்கள். எடை பார்ப்பதையும் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ அந்த மாணவியை உணவுப் பட்டியலோடு அனுப்பிவிடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். எல்லா இரத்தச்சோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவாக மாறும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் அணு நோய் இந்தியாவில் முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை இரத்த நோயும் நம்மிடையே உண்டு. சில மாதங்கள் மாத்திரை எடுத்தும் அளவு ஏறாதவர்களுக்கு அடுத்த கட்டப் பரிசோதனை தேவை.

மறுமொழி: ஒரு தாய், சேலம்

எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். என் மகள் இதுபோன்ற ஒரு பாடம் முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், நான் சமைப்பதில் சத்தே இல்லை என்று பட்டியல் போட்டாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து இருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் தாயிடம் இன்னும் நான்கு பண்டங்களைச் செய்யச் சொல்லும் பாடமாக இது மாறிவிடக் கூடாது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், கறி வைக்கும் நாளில் ஈரல் யார் தட்டுக்குப் போகிறது என்பதையும் பிள்ளைகள் கவனித்து எழுதட்டும். பயறை ஊறவைத்து முளைகட்டும் வேலையைப் பையனிடம் ஒப்படைத்தால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. முதல் வெள்ளிக்கிழமை முந்தைய நாள் உணவுக் கணக்கும், அடுத்த வாரம் அன்னபேதிச் சோதனையும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்தே செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். மாத்திரை கொடுக்கும் நேரத்தைச் சத்துணவுக்குப் பின் மாற்றுவதற்குத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். சேலம் அம்மையார் சொன்னதைக் கருதி, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளின் தலைப்பை ‘அம்மா என்ன சமைக்க வேண்டும்’ என்பதிலிருந்து ‘இந்த வாரம் நான் செய்யும் வேலை’ என்று மாற்றியிருக்கிறேன். எங்கள் பகுதியில் கொள்ளு தாராளமாக விளைகிறது; அதை முளைகட்டிப் பச்சையாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்குச் செரிக்குமா, வேகவைத்தே கொடுக்க வேண்டுமா என்பதை மட்டும் கோவை ஆசிரியை சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை, கோயம்புத்தூர்

வேகவைத்தே கொடுங்கள். பச்சைக் கொள்ளு பலருக்கு வயிறு உப்பச் செய்யும். தவிர, முளைகட்டிய எதையும் வகுப்பில் கொடுக்கும்போது கிருமி சேர்ந்திருக்கும் ஆபத்தும் உண்டு. பாசிப்பயறையும் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, முளை விட்ட அன்றே உண்ணக் கொடுங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டுக்கொண்டால், அவர்கள் அடுப்பு அணையும் முன் கொள்ளை ஒரு கொதி வேகவைத்துத் தருவார்கள். தாளிக்காமல் வாங்கி, வகுப்பில் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளலாம்.