சோதனைச்சாவடியில் நின்று எண்ணினால் யாருக்கு என்ன பயன்?

தெற்குவாசல்:
மக்சோம் வாட்ச் பெயரைச் சொன்னாலே இங்கே எல்லோரும் கைதட்டுகிறீர்கள். இஸ்ரேலியப் பெண்கள் சிலர் 2001ல் தொடங்கிய குழு அது. மக்சோம் என்றால் எபிரேயத்தில் தடுப்பு, பாலஸ்தீனர்கள் ஹாஜிஸ் என்பார்கள். காலை, மாலை என்று முறைவைத்து மேற்குக்கரைச் சாவடிகளில் போய் நிற்பார்கள், பார்த்ததை எழுதி இணையத்தில் போடுவார்கள். அவர்கள் மனசு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் எழுதிக் குவித்து என்ன குறைந்தது? ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்கில் 2020ல் 593 தடைகள், 2023 தொடக்கத்தில் 645, 2025 தொடக்கத்தில் 849. இவர்கள் பார்க்கப் பார்க்க அது ஏறிக்கொண்டே போகிறது.

கணக்குப்பிள்ளை:
849ஐ அப்படியே சாவடி என்று படிக்காதீர்கள். நாள் முழுக்க ஆள் நிற்கும் சாவடி அதில் 94தான். மீதியெல்லாம் எப்போதாவது ஆள் வரும் சாவடி, சாலைக் கதவு, மண்மேடு, சிமெண்டுக் கட்டை, வெட்டிப் போட்ட பள்ளம். ஆள் இல்லாத மண்மேட்டுக்கு முன்னால் போய் எந்தத் தொண்டர் யாரிடம் பேசுவார்? பார்வையாளர் வேலை செய்யக்கூடிய இடமே இந்த 94ஐச் சுற்றித்தான்.

அப்புறம், "போய் நிற்பார்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். பெத்லகேம் 300ஆம் எண் சாவடியை எடுத்துக்கொள்வோம். அங்கே எண்ணிவந்தது பெரும்பாலும் வெளிநாட்டார். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002லிருந்து மூன்று மூன்று மாதத்துக்கு அனுப்பும் தொண்டர்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வரிசையின் வாலில், ஒருவர் ஜெருசலேம் பக்கம் வெளியேறும் வாசலில். கையில் கிளிக்கர், ஒவ்வொரு தலைக்கும் ஒருமுறை அழுத்தும் எண்ணுகருவி. வாலில் வந்து சேரும் ஒருவரை, சிவப்புப் பை வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடையாளம் வைத்து நேரம் குறித்து அந்தப் பக்கம் செய்தி அனுப்ப வேண்டும். சிவப்புப் பை வெளியே வந்ததும் அவர் நேரம் குறிப்பார். அரை மணிக்கு ஒருமுறை இப்படி. கூடவே அடையாள அட்டை பார்க்கும் ஜன்னல் எத்தனை திறந்திருந்தது, சுழல்கதவு எத்தனை நிமிடம் நின்றது, பெண்கள் எத்தனை பேர்.

இதில் எங்கே தப்பு வரும் என்றால், நெரிசல் முற்றினால் ஆட்கள் கம்பிக் கூண்டின் மேலே ஏறி முன்னால் குதிப்பார்கள். சிவப்புப் பைக்காரரை நாற்பது பேர் தாண்டிப் போய்விடுவார்கள், உங்கள் நேரக் கணக்கு கோவிந்தா. அதோடு வெளியேறும் வாசலில் மட்டும் எண்ணினால், சலித்துப்போயோ அட்டை செல்லாமலோ திரும்பிப் போனவர் கணக்கிலேயே வர மாட்டார். ஞாயிறு விட்டுப்போனால் வாரத்தின் மோசமான காலையே விட்டுப்போகும், இஸ்ரேலில் வேலை வாரம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

தெற்குவாசல்:
நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறீர்கள். நெரிசல், நேரம், ஜன்னல் என்று வருடக்கணக்காக அளந்து கொடுத்தார்கள். 2019ல் 300லும், ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவில் இருக்கும் கலந்தியா சாவடியிலும் மின்னணு வாயில் வந்தது, முகத்தைக் கணினி பார்க்கிறது. முன்பு மணிக்கணக்கில் நின்றவர் இப்போது நிமிடங்களில் கடக்கிறார் என்று ராணுவம் காட்டிக்கொள்கிறது. நெரிசல்தான் குற்றம் என்று அளந்தால் நெரிசலைத்தான் தீர்ப்பார்கள். சாவடி அதே இடத்தில், முகம் மட்டும் புதிதாக அவர்கள் கோப்பில்.

நடுவில்_ஒருவன்:
இருவருமே ஒன்றைத் தொடவில்லை. 2002 மார்ச்சில் நெதன்யா விடுதியில் பஸ்கா விருந்தில் 30 பேர் செத்தார்கள். மேற்குக்கரையைப் பிரிக்கும் சுவர் வேலை அந்த வருடம்தான் தொடங்கியது. 2004 மார்ச்சில் வெடிகுண்டு அங்கியோடு வந்த 16 வயதுப் பையனை நாப்லஸ் பக்கத்து ஹுவாரா சாவடியில் சிப்பாய்கள் தடுத்துப் பிடித்தார்கள். வரிசையில் நின்ற மற்றவர்களும் அன்று தப்பித்தார்கள். தொண்டர் அறிக்கைகளில் எத்தனை நிமிடம் தாமதம் என்று இருக்கும், எதைத் தேடுகிறார்கள் என்று இருக்காது. அது ஒருபக்கக் கணக்கு.

கணக்குப்பிள்ளை:
ஹுவாரா சம்பவம் நடந்தது, மறுக்கவில்லை. அறிக்கை ஒருபக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மக்சோம் வாட்ச் தன்னை நடுநிலை என்று சொல்லிக்கொள்வதில்லை, ஆக்கிரமிப்புக்கு எதிரானவர்கள் என்றே சொல்கிறார்கள். ஆனால் எல்லாத் தடைக்கும் பாதுகாப்பு என்ற ஒரே போர்வையைப் போர்த்த முடியாது. சுவருக்கும் பச்சைக்கோட்டுக்கும், அதாவது 1949 போர்நிறுத்தக் கோட்டுக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட நிலங்களுக்கு விவசாயிகள் போக அனுமதிச்சீட்டு வேண்டும். ஹமோகெத் என்ற இஸ்ரேலிய உரிமை அமைப்பு தகவல் கேட்டு வாங்கிய ராணுவத்தின் சொந்தக் கணக்கில், 2014ல் 24 சதவீதமாக இருந்த நிராகரிப்பு 2018ல் 72. அதில் பாதுகாப்புக் காரணம் சொன்னது சுமார் 1 சதவீதம். மீதி? நிலம் சிறியது, உறவுமுறை நிரூபிக்கவில்லை, விண்ணப்பம் சரியில்லை, இந்த ரகம். ஒலிவ அறுவடைக்கு மட்டும் திறக்கும் கதவுகளும் உண்டு. சாகுபடி என்றால் உழவு, கவாத்து, களையெடுப்பு எல்லாம் சேர்ந்ததுதானே? அறுவடைக்கு மட்டும் போகிறவனுக்கு அடுத்த வருடம் அறுக்க என்ன இருக்கும்?

தெற்குவாசல்:
பாருங்கள், அந்த 72 எங்கிருந்து வந்தது? ராணுவத்தின் காகிதத்திலிருந்து. கதவடியில் நின்றவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து அல்ல.

கணக்குப்பிள்ளை:
கேட்கிறவனுக்கு எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே ஐயா. கதவு காலை எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யாரோ எழுதி வைத்திருந்தால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.

வெண்கொக்கு:
வாதத்தை விடுங்கள், மின்னணு வாயில் வருமுன் கலந்தியாவின் "மனிதாபிமானக் கதவு" எப்படி வேலை செய்தது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? முதியோர், நோயாளி, பெண்கள், குழந்தைகளுக்கென்று பக்கத்தில் தனி வழி. திறந்தது ராணுவத்தின் ஒருங்கிணைப்பு அலுவலகத்து ஆள். அவர் வரவில்லையென்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிப்பாய் "என்னிடம் சாவி இல்லை" என்பார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தாய் சுழல்கதவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் சுழல்கதவுக் கம்பியின் நீளம் வழக்கமாக 75லிருந்து 90 சென்டிமீட்டர். சாவடிகளுக்கு 55 சென்டிமீட்டரில் வாங்கிப் போட்டார்கள். உடம்போடு ஒட்டி அழுத்தும், ஆள் எதையும் ஒளிக்க முடியாதாம். பையோடும் பிள்ளையோடும் வருகிறவர் மாட்டிக்கொள்வார். இந்த இடத்தில் பார்வையாளர் செய்வது ஒரு போன். ராணுவ நிர்வாகத்தின் உதவி எண்ணுக்கு. சும்மா "இங்கே ஒரு நோயாளி" என்றால் காரியம் நடக்காது. சாவடிப் பெயர், எந்த வரிசை, ஆளின் ஒன்பது இலக்க அடையாள எண், மருத்துவமனைச் சீட்டின் தேதி, நிற்கத் தொடங்கிய நேரம். இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் ஆள் வர வழியுண்டு.

இரண்டாவது இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனக் கிளர்ச்சிக் காலத்தில், 2000 முதல் 2005 வரை, சாவடியிலேயே பிரசவித்த தாய்மார் 67 பேர், இறந்த சிசுக்கள் 36 என்பது பாலஸ்தீன சுகாதார அமைச்சகத்தின் கணக்கு, ஐ.நா. அறிக்கையிலும் வந்தது. அந்தப் போனை எளிதாக நினைக்காதீர்கள்.

தெற்குவாசல்:
போன் செய்வதை எளிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் போனின் அர்த்தம் என்ன? பாலஸ்தீனத் தாய் கேட்டால் திறக்காத கதவு இஸ்ரேலிய அம்மா போன் செய்தால் திறக்கிறது. கேட்டுக் கொடுக்கிற கருணை. 2004 நவம்பரில் நாப்லஸ் பக்கத்து பெய்ட் இபா சாவடியில் ஒருவர் சிப்பாய்கள் முன்னால் வயலின் வாசிப்பதை மக்சோம் வாட்ச் குழுவினர் படமெடுத்தார்கள், நாடே கொதித்தது என்றார்கள். கொதித்தது எதற்கு? யூதர்களை வாசிக்க வைத்த நாஜி முகாம்கள் நினைவுக்கு வந்ததற்கு. அந்த மனிதர் ஏன் தன் ஊர்ப்பக்கத்தில் வரிசையில் நின்றார் என்பதற்கு அல்ல. பெய்ட் இபா அதன்பிறகும் சில ஆண்டு இருந்தது. 2009ல் நாப்லஸைச் சுற்றித் தளர்த்தியது "பொருளாதார அமைதி" என்ற அரசின் கணக்கு.

நடுவில்_ஒருவன்:
இதில் தெற்குவாசல் பக்கம் நியாயம் இருக்கிறது. இன்னொன்று: இன்று ஓட்டுநர்களின் டெலிகிராம் குழுக்களில் எந்தச் சாவடி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் வருகிறது. பச்சைக் குறி, சிவப்புக் குறி. காலையில் கிளம்புமுன் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். தொண்டர் அறிக்கை மாலையில்தான் வரும்.

வெண்கொக்கு:
டெலிகிராம் போகிறவனுக்கு. அதை ஆறு மாதம் கழித்து வழக்கறிஞர் தேடினால் எந்தச் செய்தி எந்த வரிசை என்று யார் கோத்து வைத்திருக்கிறார்? சாட்சி என்றால் தேதியும் இடமும் பார்த்தவர் கையெழுத்தும் வேண்டும். அதற்கும் எல்லை உண்டு, நான் மிகைப்படுத்தவில்லை: சுவருக்கும் பச்சைக்கோட்டுக்கும் நடுவிலான நிலத்துக்குரிய இந்த அனுமதி முறையையே எதிர்த்துப் போட்ட மனுக்களை இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் 2011ல் தள்ளிவிட்டது. ஆனால் தனி ஆள் விஷயத்தில் நிலைமை வேறு. "பாதுகாப்புத் தடை" இருப்பது பலருக்குச் சாவடியில் அட்டை செல்லாதபோதுதான் தெரியும், காரணமும் சொல்ல மாட்டார்கள். மக்சோம் வாட்சில் தனியாக ஒரு பிரிவே இதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறது. சிலருக்கு நீங்கியிருக்கிறது.

தெற்குவாசல்:
அது மனு எழுதும் வேலை, அதற்கு ஒரு கும்பிடு. நான் எதிர்ப்பது நோட்டுப் புத்தகத்தோடு நிற்பதை.

கணக்குப்பிள்ளை:
அந்த அட்டை செல்லாத ஆள் யாரிடம் போய்ச் சொல்வார்? நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறவரிடம்தான் வந்து கேட்பார். இரண்டையும் பிரிக்க முடியாது.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன், 2023 அக்டோபர் ஹமாஸ் தாக்குதலுக்கும் போருக்கும் பிறகு பழைய முறை போதாது. இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை செய்த சுமார் ஒன்றரை லட்சம் பேரின் அனுமதியை நிறுத்திவிட்டார்கள். 300ல் விடிகாலை நாலு மணிக்கு எண்ண அந்தப் பழைய கூட்டம் இல்லை. இப்போது நெருக்கடி ஊர் வாசலில் போடும் இரும்புக் கதவில். அங்கே கிளிக்கர் உதவாது. எந்தக் கதவு, எத்தனை மணிக்குப் பூட்டினார்கள், சுற்றுவழி எத்தனை கிலோமீட்டர், ஆம்புலன்ஸ் வந்தால் திறந்தார்களா அல்லது நோயாளியைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறு வண்டிக்குத் தூக்கி மாற்றினார்களா, இவைதான் எழுத வேண்டியவை. பாலஸ்தீன நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள ஏ பகுதிக்குள் இஸ்ரேலியர் போகத் தடை, ஆகவே கதவின் உட்பக்கத்தை ஊர்க்காரரே எழுத வேண்டும்.

தெற்குவாசல்:
ஊர்க்காரர் எழுதுவதை அந்த உதவி எண்ணில் யாராவது எடுத்துக்கொள்வார்களா?

கணக்குப்பிள்ளை:
ஊர்க்காரர் மட்டும் சொன்னார் என்றால் எடுக்க மாட்டார்கள். அதனால்தான் வெளிப்பக்கம் ஒருவர் நின்று அதே நேரத்தைக் குறித்திருக்க வேண்டும் என்கிறேன்.