கிளிண்டாவுக்கு 'எஸ்' போட்ட ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி: உங்க பிளேட்டில் கண்டதைச் சொல்லுங்க

ரத்தஅகார்
கால் புண் சீழ். எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்), எரித்ரோமைசின் ஆர் (மருந்துக்கு அடங்காது), கிளிண்டாமைசின் எஸ் (அடங்கும்). ரிப்போர்ட் அப்படித்தான் போயிருக்கு. கிளிண்டாவில் புண் அடங்குற மாதிரி அடங்கி, திரும்பச் சீழ் கட்டிடுச்சு. அடுத்த ஸ்வாபில் எரித்ரோ 15 மைக்ரோகிராம் டிஸ்க், கிளிண்டா 2 மைக்ரோகிராம் டிஸ்க் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. காலையில கிளிண்டா வட்டத்துல (டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத இடம்) எரித்ரோ பக்கம் மட்டும் கத்தியால சீவின மாதிரி தட்டை. அச்சு அசல் ஆங்கில எழுத்து டி (D). பழைய பிளேட்டில் ரெண்டு டிஸ்க்கும் எதிரெதிர் ஓரத்துல இருந்திருக்கு, அப்புறம் எப்படித் தெரியும்? ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 15 முதல் 26 மி.மீ. இருக்கணும். டிஸ்பென்சர்ல கார்ட்ரிட்ஜை இடம் மாத்திப் போட்டாலே வேலை முடிஞ்சது.

நுண்ணோக்கி
அந்த டி-யை மட்டும் தேடினா போதாது. கிளிண்டா வட்டத்துக்குள்ள மெல்லிசா புகை படிஞ்ச மாதிரி வளர்ச்சி இருந்தா, வட்டம் முழுசா இருந்தாலும் ஆர்தான். அதுக்காக எரித்ரோ ஆர்னாலே கிளிண்டாவையும் ஆர்னு அடிச்சு விடுறதும் தப்பு. கிளிண்டாவையும் தடுக்கிற எர்ம் மரபணு இருந்தா எரித்ரோ அதை எழுப்பிவிடும், வட்டம் தட்டையாகும். எம்எஸ்ஆர்ஏ மரபணு இருந்தா எரித்ரோவை மட்டும் வெளியே தள்ளும், கிளிண்டாவைத் தொடாது. அப்பவும் ஆர்னு அடிச்சா அந்த நோயாளிக்கு வாய்வழி மருந்து ஒண்ணு வீணாப் போகுது.

கல்ச்சர்பாட்டில்
எனக்கு உறுத்துறது கோகுலேஸ் டெஸ்ட் (பிளாஸ்மாவைக் கட்ட வைக்குதான்னு பார்த்து ஆரியஸைப் பிரிக்கிறது). ரத்தக் கல்ச்சர், கொத்துக் கொத்தா கிராம் பாசிட்டிவ், கேட்டலேஸ் பாசிட்டிவ். டியூபைச் சாயந்தரம் வச்சுட்டு மறுநாள் காலையில்தான் பார்த்திருக்காங்க. தண்ணியா ஓடுது. 'கோகுலேஸ் நெகட்டிவ், தோல் கிருமியா இருக்கலாம்'னு வார்டுக்குப் போன் போயாச்சு. திரும்ப வச்சு 4 மணி நேரத்துல சாய்ச்சா ஜெல்லி மாதிரி அசையாம நிக்குது. சில ஆரியஸ் ஸ்டாஃபைலோகைனேஸ் விட்டு, தானே கட்டின கட்டியைத் தானே கரைச்சிடும். அரை மணிக்கு ஒரு தரம் மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க, குலுக்காதீங்க. 4 மணி நேரம் ஆகியும் கட்டலைன்னாதான் ராத்திரிக்கு விடணும். பிளாஸ்மா முயலோடது, இடிடிஏ போட்டதா இருக்கணும். சிட்ரேட் பிளாஸ்மால என்ட்டரோகாக்கஸ் சிட்ரேட்டைத் தின்னுட்டுப் பொய்யாக் கட்டி காட்டும்.

பெஞ்ச்மேட்
யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். எம்ஆர்எஸ்ஏ தவறிப்போறதுக்கு ஒரு காரணம் இன்குபேட்டர். கல்ச்சருக்கு 37 டிகிரி வச்சிருப்பாங்க, சென்சிடிவிட்டி பிளேட்டையும் அதிலேயே தள்ளிடுவாங்க. மெத்திசிலின் எதிர்ப்பு மரபணு மெக்-ஏ இருந்தும் எல்லா செல்லும் எதிர்ப்பைக் காட்டாது, சூடு கூடினா அந்த எதிர்ப்பு இன்னும் குறைஞ்சிடும். 33 முதல் 35, அதுக்கு மேல வேண்டாம். முல்லர் ஹின்டன் அகார் 4 மி.மீ. ஆழம். கிருமிக் கரைசலை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவு) வர்ற மாதிரி கலக்கி 15 நிமிஷத்துக்குள்ள பிளேட் முழுக்கப் பரப்பிடணும். மெத்திசிலின் எதிர்ப்பைப் பார்க்கிற செஃபாக்ஸிடின் டிஸ்க் 30 மைக்ரோகிராம்: ஆரியஸுக்கு 21 மி.மீ. வரை ஆர், 22 முதல் எஸ். எபிடெர்மிடிஸுக்கு 24 வரை ஆர், முழுசா 24 மணி நேரம் வைக்கணும். ஆக்சாசிலின் டிஸ்க்கைவிட இதோட ஓரம் தெளிவா இருக்கும், விடுங்க அந்தப் பழசை. லக்டுனென்சிஸை மறந்துடாதீங்க: ஸ்லைடில் கட்டும், டியூபில் கட்டாது, செஃபாக்ஸிடினுக்கு ஆரியஸ் அளவுதான்.

புதுடெக்னீஷியன்
வான்கோமைசின் டிஸ்க்ல 17 மி.மீ. வருது மேடம். எஸ்னு விடலாமா?

நுண்ணோக்கி
விடாதீங்கப்பா. பெரிய மூலக்கூறு, அகாரில் மெதுவாத்தான் பரவும். எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கிற குறைஞ்ச அளவு) 1 இருக்கிறதும் 8 இருக்கிறதும் டிஸ்க்ல ஒரே மாதிரி வட்டம் காட்டும். 1996-ல ஜப்பானில் கிடைச்ச மியூ 50-ங்கிற ஆரியஸுக்கு எம்ஐசி 8. ப்ராத் மைக்ரோடைல்யூஷன் (திரவத்தில் மருந்தைப் படிப்படியா நீர்த்து எம்ஐசி பார்க்கிறது) போடுங்க: ஆரியஸுக்கு 2 வரை எஸ், 4 முதல் 8 இடைநிலை, 16 முதல் ஆர். வசதி இல்லைன்னா அந்த வரியைக் காலியா விட்டு, வெளி லேபுக்கு அனுப்புங்க.

ரத்தஅகார்
பெஞ்ச்மேட் சார், 37-லயும் எங்க கன்ட்ரோல் கிருமி ஏடிசிசி 25923 செஃபாக்ஸிடினுக்கு 23–29-க்குள்ளதான் விழுது. கன்ட்ரோல் பாஸ்தானே?

பெஞ்ச்மேட்
25923 மெத்திசிலினுக்கு அடங்குற கிருமி மேடம். அது பாஸாகுறதால டிஸ்க் சரின்னு மட்டும்தான் தெரியும், எதிர்ப்பு தவறிப்போறது தெரியாது. கூடவே மெத்திசிலினுக்கு அடங்காத ஏடிசிசி 43300 வைங்க. அதோட வட்டம் 21 மி.மீ.-ஐத் தாண்டுச்சுன்னா அன்னிக்கு ஒரு எம்எஸ்எஸ்ஏ (மெத்திசிலினுக்கு அடங்குற ஆரியஸ்) ரிப்போர்ட்டும் வெளியே போகக்கூடாது.